இப்போது ஆசைக்கு என்ன படிக்கிறீர்கள்? மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தோடு சொல்லுங்கள்

பீலிக்கான் பேத்தி

வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ பர்மாத் தமிழர்களான நம்மில் பலருக்கும் தெரிந்திருக்கும், அதனால் கதை சொல்லப் போவதில்லை. ரங்கூனில் (இன்றைய யாங்கோன்) 1937 முதல் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்தியவர், 1942-ல் மனைவியோடு நடந்தே இந்தியா போனவர், அது போதும். ராத்திரி கரண்ட் போன பிறகு சார்ஜ் விளக்கை வைத்துக்கொண்டு பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறேன். பாட்டிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தபோது அவர் சின்னப் பெண். அவர்கள் வீட்டிலும் எல்லோரும் கிளம்பினார்கள், ப்ரோம் ஊர் வரை போய் அரக்கான் மலை தாண்ட வழியில்லாமல் திரும்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இதை எப்போதும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

போன வாரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது பாட்டி சட்டென்று என் கையைப் பிடித்து “நிறுத்து” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “தம்பிக்குக் கஞ்சி காய்ச்சின தகர டப்பாவ அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்” என்றார். பாட்டிக்குத் தம்பி இருந்ததாக இதுவரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை, என் அப்பாவுக்கே தெரியாது. எந்தத் தம்பி பாட்டி என்று கேட்டேன். “படி, படி” என்றார். படித்தேன். மறுபடி கேட்கவும் மனம் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. புத்தகம் மழையில் ஓரம் பூத்துப் போயிருக்கிறது, ஆனாலும் வாசிக்க முடிகிறது. நீங்கள் என்ன படிக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வாடகைக்கடை வாசகன்

தங்கச்சி, பாட்டி விஷயம் மனதைப் பிசைந்துவிட்டது. ஆனால் ஆசைக்கு என்று கேட்டுவிட்டு ஊர் ஊராக மக்கள் செத்துக்கொண்டே நடந்த கதையைச் சொன்னால் எப்படி? ஆசைக்குப் படிப்பது என்றால் ராத்திரி தூக்கம் கெட வேண்டும், அதுவும் சந்தோஷமாகக் கெட வேண்டும். நான் படிப்பது பர்மிய எழுத்தாளர் ஷ்வே ஊ டாங் எழுதிய ஊ சான் ஷா துப்பறியும் கதைகள். ஷெர்லாக் ஹோம்ஸை அப்படியே பர்மாக்காரராக மாற்றிவிட்டார் மனுஷன். சின்ன வயதில் தெருமுனைப் புத்தக வாடகைக் கடையில் எடுத்துப் படித்தது, இப்போது பன்சோடான் தெரு நடைபாதையில் பழைய பிரதி கிடைத்தது.

என்னை விடாமல் அரிப்பது வேறொன்று. ராணுவ ஆட்சியின் தணிக்கைக் காலத்தில் பத்திரிகைகளில் பிடிக்காத பத்தி மேல் வெள்ளி மை பூசி அனுப்புவார்கள், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்ததுதான். வாடகைக் கடையில் ஒரு மாதப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்று விடாமல் படித்து வந்தேன். கதாநாயகி அண்ணனுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கிறாள், அந்த இடத்தில் அரைப் பக்கம் வெள்ளி. வெயிலில் தூக்கிப் பிடித்தேன், பின்பக்கத்து எழுத்துதான் தலைகீழாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் எடுத்துப் போன யாரோ நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்த இடத்தில் காகிதமே கிழிந்திருந்தது. அடுத்த மாதம் அவள் ஊரை விட்டே போய்விட்டாள். ஏன் என்று அந்தக் கடிதத்துக்குத்தான் தெரியும். 2012 ஆகஸ்டில் முன்தணிக்கை போனது, அந்தக் கதை புத்தகமாக வருமென்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வரவில்லை.

மோல்மேன் அக்கா

ஆசைக்கு இப்படித்தான் படிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது, அண்ணே? அழுதுகொண்டே படிப்பதும் ஆசைதான். அந்தப் பிள்ளை பாட்டிக்கு வாசிக்கிறது, அதைவிட என்ன இன்பம் வேண்டும்?

நான் ‘பொன்னியின் செல்வன்’ படிக்கிறேன், மூன்றாம் பாகம். ‘மதுரைத் திட்டம்’ இணையதளத்தில் இலவசமாக இறக்கியது, போனில்தான். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும், கோவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது அவ்வளவுதான், அதனால் வாய்விட்டுப் படிப்பேன். பக்கத்து வீட்டில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) போட்டு விற்கிற பர்மிய அம்மா ஒரு நாள் வேலி ஓரம் வந்து, தினம் எதையோ ஜெபம் பண்ணுகிறாயே, என்ன அது என்று கேட்டார். கதை என்றேன். சொல்லு என்றார். அன்றிலிருந்து படித்ததைச் சாயங்காலம் பர்மிய மொழியில் சொல்கிறேன். ராஜா, ராணி, சதி, கோட்டை, சுரங்கப் பாதை எல்லாம் அவருக்கு ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. பிட்சுணி வேடம் போட்டு ஒற்றனை அனுப்பியிருக்கலாமே என்று யோசனை வேறு சொன்னார்.

ஒரு நாள் விடியற்காலை, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, வாங்க வந்தவர்கள் கிண்ணத்தோடு நிற்கிறார்கள், என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கையில் பிடித்தபடியே சத்தமாகச் சொன்னார்: “நந்தினி செய்வது சரிதான். நான் ராத்திரி முழுக்க யோசித்தேன்.” நின்றவர்கள் நந்தினி யார், எந்தத் தெரு என்று கேட்டார்கள். சிரிப்பாக இருந்தாலும் அந்த முகம் எனக்குச் சிரிப்பாக இல்லை. அவர் புருஷனைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இனி நந்தினிக்கு வரப்போவதை நான் எப்படி அவரிடம் சொல்வேன்? மாற்றிச் சொல்லிவிடலாமா என்று கூடத் தோன்றுகிறது.

பழைய தாள்

மாற்றிச் சொல்லாதீர்கள் அக்கா. நான் படிப்பது அப்பா விட்டுப்போன திருப்புகழ் உரை, அட்டை போய்விட்டது, நடுவில் அவர் கையெழுத்தில் அரிசிக்கடைக் கணக்கு இருக்கிறது, அந்தப் பக்கம் வந்தால் மட்டும் மேலே படிக்க ஓடாது. என் கதை அவ்வளவுதான்.

பீலிக்கான் தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓரம் பூத்த புத்தகத்தை அப்படியே விடக்கூடாது. நம் ஊரில் மே முதல் அக்டோபர் வரை மழை, அந்த ஈரத்தில் பூசணம் பக்கத்து புத்தகத்துக்கும் போகும். முதலில் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். நேர் வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் மொடமொடவென்று உடையும். நிழலில், காற்றோட்டமாக, பக்கங்களை விசிறி விட்டு நிறுத்தி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் பூசணத்தைத் தட்டுங்கள், வீட்டுக்கு வெளியே, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், கரையான் அங்கிருந்துதான் ஏறும். மருந்துப் பாட்டிலோடு வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். செல்லோடேப் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகிப் பசை எழுத்தைத் தின்றுவிடும். அப்புறம் முக்கியமானது, கரண்ட் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் பிடித்து, ஒரு பிரதியை வேறு வீட்டிலும் கொடுத்து வையுங்கள். பாட்டியின் குரலையும் அப்படியே பதிவு பண்ணுங்கள்.

ஷ்வே பொந்தா

பழைய தாள் ஐயா சொன்னதில் கடைசி வரி ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டி முன்னால் போனை நீட்டினால் அந்த வாய் மூடிவிடும். அவர் கேட்காமல் சொன்னது அது, கேட்காமலே இன்னொரு நாள் வரட்டும்.

நான் வசிப்பது பழைய மொகல் தெருவில். இந்தத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடந்த புத்தகக் கட்டை எடைக்குப் போடப் போனார்கள், நான் வாங்கி வந்தேன். எல்லாம் தமிழ் நாவல்கள், ஒரு வாசகசாலையின் ஊதா முத்திரையோடு. இப்போது ஒன்றொன்றாகப் படித்து வருகிறேன், பெரிய எழுத்தாளர்கள் இல்லை, காதல், மாமியார் கொடுமை, ரயில் விபத்தில் தொலைந்த பிள்ளை, எல்லாம் உண்டு, கீழே வைக்க முடியவில்லை. ஒன்றில் மட்டும் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1964 ஜூன். கடைகளைத் தேசியமயமாக்கி, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்த வருஷம். எடுத்துப் போனவர் புத்தகத்தைப் பாதியில் மடித்து வைத்திருக்கிறார், ரயில் விபத்துக்கு முந்தின அத்தியாயம். அதுவரை மூலைகள் எல்லாம் எண்ணெய்க் கையால் கறுத்திருக்கின்றன, அதற்கப்புறம் தாள் புதிதாக இருக்கிறது. இந்தியாவுக்குக் கப்பலேறினாரா, இங்கேயே இருந்தாரா தெரியாது. அந்தப் பிள்ளை கடைசியில் கிடைத்துவிடுகிறான் என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பீலிக்கான் பேத்தி

பழைய தாள் ஐயா, நிழலில் நிறுத்தி வைத்துவிட்டேன், நன்றி. பதிவு பண்ணப் போவதில்லை, ஷ்வே பொந்தா அண்ணன் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. மோல்மேன் அக்கா, அந்த அம்மாவிடம் கதையை உள்ளபடியே சொல்லுங்கள். அவர் ராத்திரி முழுக்க யோசிக்கிறவர், தாங்கிக்கொள்வார்.

வாடகைக்கடை வாசகன்

சரி, அழுதுகொண்டும் ஆசையாகப் படிக்கலாம், மோல்மேன் அக்கா சொன்னால் எதிர்ப்பேச்சு இல்லை. ஆனால் ஷ்வே பொந்தா, உங்கள் பரண் புத்தகக் கட்டில் பர்மிய மாதப் பத்திரிகை ஏதாவது இருந்தால் தயவு செய்து பாருங்கள். தணிக்கைக்கு முன்பே கைமாறிய பிரதி ஒன்றிரண்டு எங்காவது பிழைத்திருக்கும். கதாநாயகி மாண்டலே ரயில்வே குடியிருப்பில் இருப்பாள், அண்ணன் வெளியூரில், கடிதம் மழைநாளில் வரும். அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் போதும்.