மூன்று பேருக்கு இரண்டு பாவ், பில் 129 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). இது நியாயமா?

தேக்காவாசி:
போன சனிக்கிழமை அம்மாவுக்கு எழுபது முடிந்தது. வழக்கமாக ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருவோம், இந்த முறை மனைவி "எப்பப் பார்த்தாலும் அதே மீன்தலைக் கறிதானா" என்றதால் தஞ்சோங் பகார் பக்கம் "நவீன ஆசிய உணவு" என்று போட்டிருந்த ஒரு கடைக்குப் போனோம். கடைப் பெயர் வேண்டாம், அந்தத் தெருவில் பாதிக் கடைகள் அப்படித்தான் இருக்கின்றன.

உட்கார்ந்ததும் ஒரு பையன் வந்து "90 நிமிடம்தான் மேசை உங்களுக்கு" என்றான். மெனு அட்டை கிடையாது, மேசையில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் பிடித்து நாமே ஆர்டர் போட வேண்டும். காளான் பாவ், அதாவது காளான் வைத்த சீன ஆவிரொட்டி, 16 வெள்ளி, வந்தது இரண்டே இரண்டு. மிசோ என்ற ஏதோ ஜப்பானிய விழுதைத் தடவிச் சுட்ட கத்தரிக்காய் 18, லக்சா பாஸ்தா (காரத் தேங்காய்ப்பால் நூடல்ஸின் சுவையில்) 26, சம்பல் கோழி 24, ஒரு கிண்ணம் சோறு 6, கலமான்சி சோடா இரண்டு 18. ஆக 108. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 129 வெள்ளி 49 காசு. வீட்டுக்குப் போகிற வழியில் கோப்பிக்கடையில் ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம் என்று சொன்னால் நம்புவீர்களா?

கரண்டி:
நம்புகிறேன், ஆனால் தப்பு கடைமேல் இல்லை. அது பகிர்ந்து ருசி பார்க்கிற கடை, வயிறு நிரப்புகிற கடை இல்லை. வாடகை, சமையல்காரர் சம்பளம், குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்துதான் அந்த 26. பக்கத்திலேயே மலிவுக் கடைகள் கூடிய மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கிறது, பசிதான் பிரச்சினை என்றால் அங்கே போயிருக்கலாம்.

ஈசூன் அக்கா:
கரண்டி தம்பி, எழுபது வயசு அம்மாவைப் பிறந்தநாளுக்குக் கூட்டிப் போகிறவர் மேக்ஸ்வெல்லில் டிஷ்யூ வைத்து இடம் பிடித்து உட்கார வைக்கவா முடியும்? அவர் கேட்பது அது இல்லை. எனக்கு எரிச்சல் அந்தக் கியூஆர் விஷயத்தில்தான். என் மாமியாரோடு போனபோது அவருக்கு எழுத்தும் தெரியவில்லை, படமும் புரியவில்லை. கடைசியில் "நீயே ஏதாவது சொல்லும்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதில் காரமா, இதில் மாட்டிறைச்சி உண்டா என்று கேட்க ஒரு மனுஷர் பக்கத்தில் இல்லை. விருந்துக்குப் போனவர் விருந்தாளியாகவே இல்லை.

பழைய சர்வர்:
இரண்டு வருடம் இப்படி ஒரு கடையில் பகுதிநேரம் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மூன்று பேர் இருந்தால் பாவ் மூன்றாகப் போடலாமா என்று கேட்டாலே போதும், ஒன்றுக்கான காசைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு மூன்றாகவே கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதை ஆர்டர் வாங்குகிறவன் முதலில் சொல்ல வேண்டும், கியூஆர் வந்த பிறகு சொல்ல ஆளில்லை. 90 நிமிடம் ஏன் என்றால் ஒரு ராத்திரிக்கு ஒரு மேசையை இரண்டு தடவையாவது நிரப்பாமல் வாடகை கட்ட முடியாது. அப்புறம் தட்டுகள் வரிசையாக வராது, எது ஆயிற்றோ அது முதலில் வரும். எங்கள் கடையில் சோறு கடைசியில் வந்து, குழம்பு ஏற்கெனவே காலியாகி, வாடிக்கையாளர் என்னை முறைத்த நாட்கள் நிறைய.

தேக்காவாசி:
அதேதான்! சோறு கடைசியில்தான் வந்தது. சம்பல் கோழி அதற்குள் முடிந்துவிட்டது. அம்மா அந்த வெறுஞ்சோற்றைப் பார்த்து "தயிர் இருக்குமா" என்றார்.

ஆட்டுக்கால் சூப்:
விலையை விடுங்கள், லக்சாவை எதற்குப் பாஸ்தாவில் ஊற்ற வேண்டும்? லக்சா என்றால் தேங்காய்ப்பால் குடிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும், காத்தோங் வட்டாரத்தில் நூடல்ஸை வெட்டிப்போட்டுக் கரண்டியாலேயே அள்ளிச் சாப்பிடுகிறோமே அப்படி. இவர்கள் அதை வற்றவைத்து, மேலே இரண்டு இலை வைத்து, மூன்று மடங்கு விலை போடுகிறார்கள். பழைய சாப்பாட்டுக்குப் புதுச் சட்டை. அந்தப் பாவ் மட்டும் என்ன புதுசு? ஹொக்கியன் சீனர்கள் பன்றியிறைச்சி வைத்துத் தின்கிற கோங் பாக் பாவ்தானே. 2004இல் நியூயார்க்கில் மோமோஃபுகு உணவகம் திறந்து அங்கே அது பிரபலமானதும் இங்கேயும் எல்லாருக்கும் அது திடீரென்று நாகரிகமாகிவிட்டது.

கரண்டி:
சூப் அண்ணே, கலப்பே கூடாது என்றால் நீங்கள் மீ கோரெங்கையும் விட வேண்டியிருக்கும். சீன மஞ்சள் நூடல்ஸ், உருளைக்கிழங்கு, மிளகாய் விழுது, தக்காளி சாஸ் எல்லாம் போட்டு நம் முஸ்லிம் கடைக்காரர்கள் சிவக்கச் சிவக்கப் பிரட்டிய சாப்பாடு அது. அவர்களில் பலரின் பூர்வீகமான கடையநல்லூரில் போய் உங்கள் பாட்டன் காலத்து மீ கோரெங் எங்கே என்று கேளுங்கள், சிரிப்பார்கள். தேக்காவாசி வீட்டில் அலுத்துப்போன மீன்தலைக் கறியும் அப்படித்தான். 1949இல் கோமஸ் என்ற கேரளக்காரர் தன் கடையில், சீனர்கள் மீன்தலையை விரும்புகிறார்கள் என்று பார்த்து, நம் ஊர்க் குழம்பில் போட்டார். அது இன்றைக்குப் "பாரம்பரியம்". வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு வில்லின் லோ 2005இல் வைல்ட் ராக்கெட் திறந்து லக்சா சுவையைப் பாஸ்தாவுக்குக் கொண்டுவந்தபோதும் இதே முணுமுணுப்புதான். அந்தக் கடை 2018இல் மூடிவிட்டது, யோசனை மூடவில்லை.

ஆட்டுக்கால் சூப்:
நல்லா மடக்கினீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று. மீன்தலைக் கறி ஒரு சட்டி வந்தால் நாலு பேர் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடலாம், குழம்பு மிஞ்சும். கலந்ததில் எனக்குக் கோபமில்லை, கஞ்சத்தனமாகக் கலந்ததில்தான் கோபம். இரண்டு பாவ்!

ஈசூன் அக்கா:
சேவைக் கட்டணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாமே ஆர்டர் போட்டு, நாமே கைபேசியில் காசு கட்டி, தண்ணீரையும் மூலையிலிருந்து நாமே எடுத்துக் குடித்தால் அந்தப் பத்து விழுக்காடு எதற்கு? உணவங்காடியில் தட்டை நாமே எடுத்து வைக்கிறோம், 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஆனால் அங்கே இந்தக் கட்டணம் கிடையாது.

பழைய சர்வர்:
அக்கா, அது சட்டம் போட்ட கட்டணம் இல்லை, கடை போடுவது. அந்தக் காசை ஊழியருக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் கிடையாது. எனக்கு மணிக்கூலி மட்டும்தான் வந்தது. நீங்கள் பத்து விழுக்காடு கட்டிவிட்டோமே என்று டிப்ஸ் வைக்க மாட்டீர்கள், அதுவும் நியாயம்தான், ஆக எனக்கு இரண்டு பக்கமும் பூஜ்யம். ஜிஎஸ்டி வேறு கதை. 2022 வரைக்கும் 7, அடுத்த வருடம் 8, 2024லிருந்து 9. சாதாரணக் கடை வரியையும் சேர்த்தே விலை எழுத வேண்டும், சேவைக் கட்டணம் வாங்கும் உணவகத்துக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. 100 என்று எழுதியிருந்தால் 119 வெள்ளி 90 காசு என்று படித்துக்கொள்ளுங்கள், மனம் நோகாது.

கரண்டி:
சேவைக் கட்டணத்தில் நான் உங்கள் பக்கம். நேராக விலையிலேயே ஏற்றித் தொலைக்கலாம். ஆனால் சாப்பாட்டு விலையை மட்டும் உணவங்காடியோடு ஒப்பிடாதீர்கள். அங்கே கோழிச்சோறு நாலைந்து வெள்ளிக்குக் கிடைப்பது, அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுவதால்தான். 2020இல் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததற்குக் கை தட்டினோம், அவர் ஐம்பது காசு ஏற்றினால் முகம் சுளிக்கிறோம். சரி, தேக்காவாசி, உண்மையைச் சொல்லுங்கள், எதுவுமே நன்றாக இல்லையா?

தேக்காவாசி:
அப்படிச் சொல்லவில்லை. லக்சா பாஸ்தாவை மனைவி யாருக்கும் தரவில்லை. கத்தரிக்காயை அம்மா முதலில் "என்ன கருகவிட்டுட்டான்" என்று ஒதுக்கினார், ஒரு வாய் வைத்த பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மேலே தடவியிருந்தது என்ன, தேக்கா மார்க்கெட்டில் கிடைக்குமா என்று.

கரண்டி:
பேரங்காடியில் குளிர்ப்பெட்டிப் பக்கம் தேடுங்கள், வெள்ளை மிசோ, சோயாவைப் புளிக்கவைத்த உப்பு விழுது. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்துக் குழைத்து, கத்தரிக்காய் முக்கால் பங்கு வெந்த பிறகு தடவச் சொல்லுங்கள். முதலிலேயே தடவினால் கருகிவிடும். உப்பு போட வேண்டாம்.

தேக்காவாசி:
உப்பு போடாதீர்கள் என்று அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வது?