ட்ரெடில்ல கல்யாணப் பத்திரிகை: பாலிமர் பிளேட்டா, ஜிங்க் பிளாக்கா?

மதுரைக்காரன்: வணக்கம். பெரியப்பா பிரஸ்ல ஒரு ட்ரெடில் (பழைய சின்ன அச்சு மெஷின்) ரொம்ப நாளா சும்மா கிடந்துச்சு, இப்ப ரோலர் எல்லாம் புதுசா வார்த்து ஓட்டிப் பாத்தாச்சு, பில் புக் நம்பரிங், பெர்ஃபரேஷன் நல்லாவே வருது. பிரெண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை அதுல அடிக்கலாம்னு ஆசை, காட்டன் பேப்பர்ல எழுத்து நல்லா அழுந்தித் தடவினா கைக்குத் தெரியணும்ங்கிறான். ஈய எழுத்து கேஸ்ல பாதி இல்ல, அதனால கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி பிளேட் (எழுத்து மேடா நிக்கற அச்சுத் தகடு) எடுக்கணும். எதை எடுக்கறது? ஓரத்துல கோலம், மேல பிள்ளையார், உள்ள சின்ன எழுத்துல தமிழ்.

பிளாக்மேக்கர்: தம்பி, நாங்க பிளாக் போட்ட காலத்துல எழுத்து பேப்பர்ல அழுந்தினாலே மேஸ்திரி திட்டுவாரு, பின்பக்கம் தடவிப் பாத்து மேடு தெரிஞ்சா பேக்கிங்ல, அதான் பேப்பருக்குப் பின்னால வைக்கற தாள் அடுக்குல, ஒரு தாள் உருவச் சொல்லுவாரு, இப்ப அதுக்குத்தான் காசு குடுக்கறாங்க, சரி போகட்டும். ஜிங்க் பிளாக்னா துத்தநாகத் தகட்டுல டிசைனோட ஃபிலிம் நெகட்டிவ் வச்சு எக்ஸ்போஸ் பண்ணி நைட்ரிக் ஆசிட்ல அரிச்சு எடுத்து தேக்குக் கட்டையில ஆணி அடிச்சுத் தருவாங்க. இப்ப அதைப் போடறவங்க ரொம்பக் கம்மி, ஃபாயில் (பளபளன்னு தங்கக் கலர்ல ஒட்டற மெல்லிசு தாள்) அடிக்கறவங்களுக்கு மெக்னீசியத்துல போடறவங்கதான் சிவகாசிப் பக்கம் இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டா கிடைக்கும், ஆனா ஃபாயில் பிளாக் உயரம் கம்மியா வரும், கட்டையில ஏத்தி ஈய எழுத்தோட உயரமான 0.918 அங்குலம் கொண்டு வந்தாத்தான் ரோலர் தொடும். வேலை முடிஞ்சதும் எண்ணெய் தடவி வைங்க, மெக்னீசியம் ஈரக்காத்துல அரிச்சுப் போயிடும்.

தாளும்மையும்: நான் பாலிமர், அதான் பிளாஸ்டிக் மாதிரி பிளேட்தான் சொல்வேன். நெகட்டிவ் வச்சு யுவி லைட் காட்டினா வெளிச்சம் பட்ட இடம் இறுகிடும், மீதியைத் தண்ணியிலயே பிரஷ் போட்டுக் கழுவிடலாம், ஆசிட் கிடையாது. ஆனா பிளேட்டை ஒட்டி உயரம் ஏத்த அடியில பேஸ் வேணும். 1.52 மி.மீ. பிளேட்டுன்னா ஒட்டற டேப்பையும் கழிச்சு அலுமினியம் பேஸ் 21.7 மி.மீ. கிட்ட வரணும், லேத்துல குத்துமதிப்பா சீவிக் குடுத்தா ஒரு மூலை அடிக்கும் ஒரு மூலை அடிக்காது. பிளேட்டைத் துடைக்கத் தண்ணி வேண்டாம், கெரசினே போதும்.

நெகட்டிவ் எடுக்கறப்ப ஒண்ணு. ஆஃப்செட்டுக்கு எடுக்கற பழக்கத்துல எடுத்துக் குடுத்துடுவாங்க. இதுக்கு எமல்ஷன் (ஃபிலிம்ல மருந்து பூசின) பக்கம் மேல வச்சுப் பாத்தா எழுத்து நேரா படிக்கணும், அப்பதான் பிளேட்ல இடவலம் மாறி விழும், பேப்பர்ல நேரா வரும்.

தமிழுக்குப் பெரிய தலைவலி புள்ளிதான். க், ம், ன் மேல இருக்கற புள்ளி தனியா நிக்குது, அடியில பிடிமானம் இல்ல, கழுவறப்ப பிரஷ்லயே போயிடும். அப்புறம் "வாழ்த்தவும்" "வாழததவும"னு போய் நிக்கும். சின்ன எழுத்துல புள்ளியை மட்டும் கையால கொஞ்சம் பெருசாக்கிட்டு நெகட்டிவ் எடுங்க. ண, ணை, ஞ சுழி வேற மை பிதுங்கி அடைச்சுக்கும், அதனால தடிமன் கம்மியான எழுத்துருவா பாருங்க, ஆனா முடி மாதிரி மெல்லிசாவும் வேண்டாம்.

மதுரைக்காரன்: அண்ணே, பிள்ளையார் கோடு இல்லாம முழுக்க மை நிரம்பின சாலிடா இருக்காரு, கீழ எழுத்து ரொம்ப மெல்லிசு. ஒரே பிளேட்ல ரெண்டும் வருமா?

பிளாக்மேக்கர்: வரும், ஆனா நல்லா வராது. சாலிடுக்கு மை நிறைய வேணும், எழுத்துக்குக் கம்மியா வேணும், ட்ரெடில்ல மை பரப்பற வட்டத் தட்டுல ரெண்டையும் பேலன்ஸ் பண்ண முடியாது. பிள்ளையாரைத் தனியா வெட்டித் தனி ஓட்டமா போடு, நேரம் ஆனாலும் பரவால்ல. அழுத்தமும் பரப்பைப் பொறுத்துதான், பெரிய சாலிடை ட்ரெடில்ல ஆழமா அழுத்தப் போய் பழைய வார்ப்பு இரும்பை உடைச்சுடாத. கோடு போட்ட பிள்ளையாரா மாத்திட்டா பாதி பிரச்சனை தீரும்.

தாளும்மையும்: ஆமா அது சரி. ஆழம் வேணும்னா 300 ஜிஎஸ்எம்முக்கு மேல காட்டன் பேப்பர், பேக்கிங் கெட்டியா. கேஸ்ல மிச்சம் இருக்கற ஈயத்தை இப்படி அழுத்தி அடிச்சுடாதீங்க, முகம் மழுங்கிடும், இப்ப எழுத்து வார்க்கறவங்களைத் தேடித்தான் பிடிக்கணும்.

மதுரைக்காரன்: சரிண்ணே, அப்ப பாலிமர், பிள்ளையாரைக் கோட்டுல மாத்திடறேன். பேஸ் சீவ மதுரையில துல்லியமா வேலை செய்யற மில்லிங் பட்டறை யாருக்காவது தெரியுமா?