வேலையில் இருந்த ஆர்வம் விட்டுப்போன தருணம்: உங்கள் அனுபவம் என்ன?

இரட்டைக்கோடு:
மேட்ரிக்ஸ் அமைப்பில் இருந்தவர்களுக்கு இது புரியும். துறைக்கு ஒரு மேனேஜர், ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மேனேஜர். வருடம் முழுக்க இருவருக்கும் ரிப்போர்ட் அனுப்பினேன். பழைய டேட்டா மொத்தத்தையும் புது சிஸ்டத்துக்கு மாற்றும் வேலையை ராத்திரி பகல் பார்க்காமல் முடித்துக் கொடுத்தேன். அப்ரைசல் வந்தது. "இந்த ஆண்டின் முக்கியப் பங்களிப்பு" என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

துறை மேனேஜரிடம் கேட்டேன். "ப்ராஜெக்ட் பக்கம் எழுதுவாங்கன்னு விட்டுட்டேன்" என்றார். ப்ராஜெக்ட் மேனேஜரோ, "அப்ரைசல் துறையோட வேலை இல்லையா?" என்றார். இருவருமே நல்லவர்கள், பொய் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது, கோபப்படக்கூட ஆள் இல்லை. சம்பள உயர்வு வழக்கம்போல வந்தது. அந்தக் கோடுதான் மனதை விட்டுப் போகவில்லை.

ஹெட்செட்:
கஸ்டமர் சப்போர்ட். எங்களுக்கு எல்லாமே அழைப்பு நேரம்தான். ஒரு பெரியவர், இறந்துபோன மனைவி பெயரில் இருந்த கணக்கை மூடக் கூப்பிட்டிருந்தார். எந்தப் படிவம், எங்கே கையெழுத்து என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீம் லீடர் பின்னால் வந்து, சிவப்பாகிவிட்ட டைமரை என் மானிட்டரில் விரலால் தட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டினார். "மீதியை மெயிலில் அனுப்புகிறேன்" என்று சொல்லி அழைப்பை முடித்தேன். அந்தப் பெரியவர் மறுபடி கூப்பிட்டது வேறொருவருக்குப் போயிற்று. அதையும் புது அழைப்பு என்றே கணக்கில் ஏற்றினார்கள்.

மூத்தபொறியாளர்:
இரட்டைக்கோடு, இரண்டு மேனேஜர் இருந்ததுதான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்று பிரெஞ்சு மேலாண்மை அறிஞர் ஃபயோல் 1916-லேயே எழுதினார், சரி. ஆனால் ஒரே மேலதிகாரி இருந்த இடத்தில்தான் என் டிசைன் அவர் பெயரில் மேலே போனது. முறையிட வேறு கதவே இல்லை.

உங்கள் விஷயத்தில் குறை, யார் மதிப்பிடுவது என்று யாருமே முடிவு செய்யாதது. அடுத்த ப்ராஜெக்ட்டில் சேரும் அன்றே மூவரும் உட்காருங்கள். அப்ரைசலை எழுதுவது யார், மற்றவர் கருத்து எப்போது போய்ச் சேரும், இரண்டு அவசர வேலை ஒரே நாளில் வந்தால் எது முதலில், எல்லாவற்றையும் மெயிலில் வாங்குங்கள். காலாண்டுக்கு ஒருமுறை செய்த வேலையைச் சுருக்கமாக இருவருக்கும் அனுப்புங்கள். சம்பள உயர்வு ஆறுதல் தரவில்லை என்றீர்களே, அதில் வியப்பில்லை. பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் சொன்னதும் இதுதான்: சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் உற்சாகம் வருவது சாதித்த உணர்வும் அங்கீகாரமும் கிடைக்கும்போது. ஹெட்செட், உங்களுக்கும் சொல்கிறேன், ஒரே அழைப்பில் தீர்ந்த பிரச்சினைகளைத் தனியாகக் குறித்து வைத்து மேலே காட்டுங்கள்.

இரட்டைக்கோடு:
மெயில் கேட்டேன் சார். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்கள்.

ஷாப்ஃப்ளோர்:
மூத்தபொறியாளர் சார், அமைப்பில் இருக்கும் ஓட்டையை ஊழியரே மெயில் போட்டு அடைக்கணுமா? அதை வடிவமைத்தவர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

எங்கள் லைனில் டொயோட்டா மாதிரி ஆண்டன் கயிறு கட்டினார்கள், குறையைத் தெரிவித்து லைனை நிறுத்துவதற்கான கயிறு. குறை தெரிந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு பிராக்கெட்டில் துளை தள்ளியிருந்தது, இழுத்தேன். டொயோட்டாவில் டீம் லீடர் வந்து முதலில் என்ன பிரச்சினை என்று பார்ப்பார். எங்கள் சூப்பர்வைசர் ஓடி வந்து கேட்டது, "யாரு இழுத்தது?" பிராக்கெட் என் கையில்தான் இருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய போனஸ் அன்றைய உற்பத்தி எண்ணிக்கையில் இருந்தது, லைன் நின்றால் அவருக்கு நஷ்டம். கயிற்றைக் கட்டியவர்கள் அந்தப் போனஸை மாற்றவில்லை. அப்புறம் எங்கள் ஷிஃப்டில் யாரும் இழுக்கவில்லை. துளை தள்ளிய பிராக்கெட்டுகள் லைன் கடைசியில் ரீவொர்க் மேஜைக்குப் போயின, அங்கே பிரித்து மாட்டவே தனியாக ஆள் போட்டார்கள்.