பால் பைத்தான் கையைக் கவ்விப் பிடித்தால் எப்படி விடுவிப்பது? காயத்துக்கு என்ன செய்யணும்?

அஸ்தம்பட்டி மாடிவீடு:
வணக்கங்க. சேலத்துல மூணடி பால் பைத்தான் (Ball Python, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு வகை) ஒண்ணும் கார்ன் ஸ்நேக் (இதுவும் விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) ஒண்ணும் வளர்க்கிறோம். பைத்தானை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணியாச்சு. எலி கொடுக்கிற நேரத்துல தவறிப்போய் கையைப் பிடிச்சுச் சுத்திக்கிட்டா என்ன செய்யணும்? இழுக்கலாமா? டெட்டனஸ் ஊசி போதுமா? வெறிநாய்க்கடி ஊசியும் போடணும்னு மருந்துக்கடையில சொல்றாங்க. வீட்டுல 4 வயசுப் பையன் இருக்கான், அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

கொம்பேறி:
எந்த வகைக் கடி என்பதை முதலில் பாருங்கள். பயத்தில் கடிப்பது ஒரு நொடி வேலை: கொத்தும், விட்டுவிடும். இரை என்று நினைத்துக் கடித்தால் கவ்விக்கொண்டு உடலால் சுற்றி இறுக்கும். நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது.

இழுக்கவே கூடாது. பைத்தானின் பற்கள் எல்லாம் தொண்டைப் பக்கமாக வளைந்தவை. மேலே நான்கு வரிசை, கீழே இரண்டு. கையை வெடுக்கென்று இழுத்தால் ஊசிக்குத்தாக இருந்தது கிழிசலாகும், பல் ஒடிந்து தோலுக்குள் நிற்கும். பாம்புக்கும் ஈறு கிழிந்து, பிறகு வாயில் சீழ் பிடிக்கும். இரை எடுக்காமல் வாரக்கணக்கில் கிடக்கும்.

கையை மேசை மேல் வைத்து, பாம்பின் உடல் தொங்காமல் தாங்கிக்கொண்டு அசையாமல் இருங்கள். நீங்கள் துடிக்கத் துடிக்க இரை உயிரோடிருக்கிறது என்று இன்னும் இறுக்கும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக விட்டுவிடும். விடாவிட்டால் குழாயைத் திறந்து தலை மேல் குளிர்ந்த தண்ணீர் மெல்லிசாக விழும்படி காட்டுங்கள். தலையை வாளிக்குள் முக்காதீர்கள். சுற்றை வால் நுனியிலிருந்து பிரியுங்கள். அங்கே பலம் குறைவு. தலைப் பக்கமிருந்து பிரித்தால் கடி இறுகும்.

இதற்கும் விடவில்லை என்றால், தலையின் பின்புறத்தை இரு விரலால் பிடித்து, வெளியே இல்லை, கையை நோக்கி லேசாக முன்னே தள்ளுங்கள். வளைந்த பல் கழன்றுவர அதுதான் வழி. பல் கழன்றதும் மேல்தாடையைத் தூக்கலாம். பழைய ஏடிஎம் அட்டை போல மெல்லிய பிளாஸ்டிக்கை வாயோரத்தில் நுழைத்தாலும் உதவும். கரண்டிக்காம்பு, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், தாடை ஒடியும்.

மலைக்காபி:
ஒரு மூடி சானிடைசரை வாயில ஊத்தினா உடனே விட்டுடுமே?

கொம்பேறி:
விடும், ஆனால் ஊற்றாதீர்கள். பாம்பின் மூச்சுக்குழலின் திறப்பு நாக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். தண்ணீர், அட்டை இரண்டும் பலிக்காதபோது மட்டும், பஞ்சுக்குச்சியில் நனைத்து வாயோரத்தில் ஒரு தொடு. பிறகு பாம்பின் வாயைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

மருந்துக்கட்டு:
காயத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மோதிரம், வளையல், கைக்கயிறு இருந்தால் உடனே கழற்றுங்கள், பிறகு வீங்கினால் வராது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். ரத்தம் பார்க்க அதிகமாகத் தெரியும். பல் மெல்லிசும் கூர்மையும், பல இடத்தில் ஒரே நேரத்தில் குத்துவதால் அப்படி. சுத்தமான காஸ் துணியை வைத்து 5 முதல் 10 நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். பிறகு போவிடோன் அயோடின், மேலே லேசான கட்டு.

மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். புண்ணுக்குள் அழுக்கைச் சேர்ப்பதோடு, தோலின் நிறத்தை மறைத்துவிடும். அடுத்த மூன்று நாளும் அந்த நிறத்தைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. சிவப்பு இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால், சூடும் வலியும் கூடினால், சீழோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். விரல் மூட்டு, மூட்டின் மேல் தசைநார், கண், முகம் இங்கெல்லாம் பட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம், அன்றே போங்கள். சர்க்கரை நோயாளிகளும் அப்படித்தான். புள்ளி போலக் கடினமாக எதோ நெருடினால் ஒடிந்த பல்லாக இருக்கலாம். மேலாகத் தெரிந்தால் கழுவிய இடுக்கியால் எடுக்கலாம், ஆழமாக இருந்தால் தோண்டாதீர்கள்.

டெட்டனஸ்: தடுப்பூசி முழுவதும் போட்டவர் என்றால், கடைசி ஊசி 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எச்சில் பட்ட காயத்தை அழுக்குக் காயமாகத்தான் கணக்கிடுவார்கள், சுத்தமான கீறலுக்கான 10 ஆண்டுக் கணக்கு இதற்கு இல்லை. வெறிநாய்க்கடி ஊசி தேவையில்லை; ரேபிஸ் பாலூட்டிகளிடமிருந்து வருவது, பாம்புக்கு வராது. பாம்பு விஷமுறிவு மருந்தும் வேண்டாம். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, ஒவ்வாமை வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருத்துவமனைக்குப் போனால் பாம்பின் படத்தையும் பதிவுத் தாளையும் போனில் காட்டுங்கள். வெறுமனே "பாம்பு கடிச்சிடுச்சு" என்றால் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை எடுத்து, ஒரு நாள் படுக்கவைத்துத்தான் பார்ப்பார்கள். அவர்கள் செய்வது சரிதான்.

உங்கள் பையன் விஷயத்தில் கடியைவிட சால்மொனெல்லாதான் என் கவலை. பாம்பு பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் எச்சத்தில் அந்தக் கிருமி இருக்கலாம். 5 வயதுக்குக் கீழே பாம்பையும் தொடவிடக் கூடாது, அது இருக்கும் தொட்டியையும் தொடவிடக் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். எலியைக் குளிர்ப்பெட்டியில் சாப்பாட்டோடு வைக்காதீர்கள்.

அஸ்தம்பட்டி மாடிவீடு:
ரொம்ப நன்றிங்க. இன்னொரு சந்தேகம். ஏற்காட்டுல மாமா வீட்டுப் பக்கம் காபித் தோட்டத்துல வெள்ளைப் பட்டை போட்ட சின்னப் பாம்பு ஒண்ணைப் பிடிச்சு டப்பாவுல வெச்சிருக்காங்க. வெள்ளிக்கோல் வரையன்தான், விஷமில்லைங்கிறாங்க. அது கடிச்சாலும் இதே வைத்தியம்தானா?

சேர்வராயன் அடிவாரம்:
இல்லைங்க, இல்லவே இல்லை. டப்பாவை யாரும் திறக்காம, பிள்ளைங்க கைக்கு எட்டாம, நிழல்ல வெச்சுட்டு வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ இப்பவே போன் பண்ணச் சொல்லுங்க.

வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும் அப்படியே ஒண்ணுபோல இருக்கும். வரையனுக்குப் பட்டை கழுத்துப் பக்கம் தெளிவா இருந்து வாலுக்குப் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலையை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தொடங்கி வால் வரைக்கும் தெளிவா, பெரும்பாலும் ரெண்டு ரெண்டா இருக்கும், முதுகு நடுவுல பெரிய அறுகோணச் செதில் ஓடும். புத்தகத்துல படிக்கச் சுலபம். ஆனா குட்டிக் கட்டுவிரியனுக்குப் பட்டை தலைக்குப் பக்கத்துலயே தொடங்கலாம், தோல் உரிக்கப்போற பாம்புல எல்லா நிறமும் மங்கிக் கிடக்கும். டார்ச் வெளிச்சத்துல பார்த்து முடிவு பண்ற விஷயமில்லை.

மோசமான பகுதி இதுதான்: கட்டுவிரியன் கடிச்சா வீக்கமும் வராது, வலியும் பெருசா இருக்காது. பல் பட்ட இடம் கண்ணுக்கே தெரியாமப் போகலாம். "வீங்கல, அப்ப விஷமில்ல"ன்னு படுத்தவங்களுக்குச் சில மணி நேரத்துல வயித்துவலி, இமை தொங்குறது, விழுங்க முடியாம, மூச்சுத் திணறல். ஏற்காட்டுலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். அறிகுறி வந்தப்புறம் கிளம்பினா நேரம் பத்தாது. கட்டுப் போடாம, கீறாம, வாயால உறிஞ்சாம, கையைப் பலகை வெச்சு அசையாமத் தாங்கி, 108-க்கு சொல்லி உடனே கிளம்பணும்.

பச்சைப் பாம்புக்கும் இதே கதைதான். செடியில தொங்குறது மெலிசா, கூர்மூக்கோட இருந்தா கண்கொத்திப் பாம்பு. தடிச்ச உடம்பு, முக்கோணத் தலைன்னா விஷமுள்ள மூங்கில் குழிவிரியன். சேர்வராயன் மலையில ரெண்டுமே உண்டு. எதையும் பிடிக்காதீங்க. காட்டுப்பாம்பு எதுவானாலும் வீட்டுல வெச்சுக்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், சாரையும் சேர்த்து.

கொம்பேறி:
அவர் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உங்கள் பைத்தானிடம் கடி வராமலிருக்க ஒரு சில வழிகள். எலியை 30 செ.மீ. டாங்ஸில் (நீள இடுக்கியில்) கொடுங்கள். எலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் நீட்டாதீர்கள்; பைத்தான் கண்ணைவிட மூக்கையும் சூட்டை உணரும் உதட்டுக் குழிகளையும் நம்பும் பிராணி, எலி வாசம் உள்ள சூடான கை அதற்கு எலிதான். எடுப்பதற்கு முன் ஹூக்கால் (பாம்பைத் தூக்கும் கொக்கிக் கம்பியால்) முதுகில் மெல்ல ஒரு தட்டு தட்டுங்கள், நாளடைவில் இது சாப்பாட்டு நேரமில்லை என்று பழகிவிடும். தோல் உரிக்கும் முன் கண் நீலம் பாரித்திருக்கும் நாட்களிலும், இரை எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் தொடாதீர்கள்.

மாமா வீட்டுக்கு உங்கள் பாம்பையும் கூட்டிப்போகும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். இரை எடுத்த பைத்தான் மார்கழிக் குளிரில் செரிக்காமல் கக்கிவிடும். சேலத்தில் கவலை நேர்மாறு. சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 டிகிரி என்று வைத்திருந்தாலும், சித்திரையில் மாடி அறையே அதைத் தாண்டும். ஹீட் மேட்டை (தொட்டியைச் சூடாக்கும் விரிப்பை) தெர்மோஸ்டாட்டில் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியில்) மாட்டி, தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள்.

அஸ்தம்பட்டி மாடிவீடு:
மாமாகிட்டப் பேசியாச்சு. டப்பா மேல கல்லு வெச்சுட்டாங்க, வனத்துறை ஆள் வந்துட்டு இருக்காரு.