சொல்லை அதன் வாக்கியத்தோடு எடுத்துக்கொள்வது: அன்றாட வாசிப்பில் ஆங்கிலம் கற்ற அனுபவங்கள்

புதிய ஆங்கிலச் சொற்களை எங்கிருந்து கற்றீர்கள் என்ற கேள்விக்கு என் விடை சிலருக்கு ஏமாற்றமளிக்கக்கூடும். நான் கற்றவற்றில் பெரும்பகுதி இலக்கியத்திலிருந்து வந்ததன்று. செய்தித் தலைப்புகளிலிருந்து வந்தது. தலைப்பு எழுதுபவருக்கு இடம் குறைவு என்பதால், விசாரணையை 'புரோப்' என்றும், ஒப்புதலை 'நாட்' என்றும், யோசித்துக்கொண்டிருப்பதை 'மல்' என்றும், ஆளை நீக்குவதற்கும் திட்டத்தைக் கைவிடுவதற்கும் ஒருசேர 'ஆக்ஸ்' என்றும் குட்டைச் சொற்களையே அவர் தேடிப் பிடிக்கிறார். இவற்றுள் எதற்கும் நான் அகராதியைத் திறந்ததில்லை. தலைப்பில் ஒரு சொல்லில் சுருங்கியது கீழேயுள்ள செய்தியில் நீண்ட சொற்களில் விரிந்து கிடப்பதால், ஒவ்வொரு செய்தியும் வினாவும் விடையும் ஒரே பக்கத்தில் அச்சான தேர்வுத்தாளாகவே அமைந்துவிடுகிறது.

ஆனால் இந்தச் சொற்களுக்கு ஓர் எல்லை உண்டு. நண்பரோடு பேசும்போது விசாரணையைப் 'புரோப்' என்றோ, அனுமதி கிடைத்ததை 'நாட்' என்றோ யாரும் இயல்பாகச் சொல்வதில்லை. சொன்னால் தலைப்பை உரக்க வாசித்தது போலிருக்கும். பொருளை மட்டும் எழுதிவைக்கும் குறிப்பேட்டில் இந்த வேறுபாடு பதிவாவதே இல்லை. அதனால் சொல் இடம்பெற்ற வாக்கியத்தை முழுமையாகவும், அதை எங்கே கண்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இது புதிய வழியன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே இப்படித்தான் உருவானது: தன்னார்வ வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களில் ஒரு சொல் ஆளப்பட்டிருந்த வாக்கியத்தைச் சிறு தாள்களில் எழுதி அனுப்ப, அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரியும் அவரது குழுவினரும் அவற்றை அடுக்கி வைத்துப் பார்த்த பிறகே பொருளை வரையறுத்தார்கள். அதன் முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது. முதல் பதிப்பு நிறைவடைந்தது 1928-இல். மர்ரி 1915-இலேயே மறைந்துவிட்டார். அகராதி செய்தவர்களுக்கே வாக்கியம் தேவைப்பட்டது என்றால், அதைப் புரட்டுகிற நமக்குத் தேவைப்படாமல் போகுமா?

* * *

மேலே எழுதியவர் செய்தித்தாளைச் சொன்னார்; நான் அதைவிட வறண்ட இடங்களைச் சொல்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாள், பொருளின் மேலுறை, மென்பொருளை நிறுவும்போது யாரும் படிக்காமல் தாண்டிச் செல்லும் ஒப்பந்தம் ஆகியவற்றில் எழுதுபவர் அழகுக்காக எதையும் எழுதுவதில்லை என்பதால், கற்பவருக்கு அவை வசதியானவை. 'டிரௌஸினஸ்' என்ற சொல்லை மருந்துத்தாளில் பார்த்தபோது, அடுத்த வாக்கியமே வாகனம் ஓட்ட வேண்டாம், இயந்திரங்களை இயக்க வேண்டாம் என்று எச்சரித்தது. தூக்கக் கலக்கம் என்று ஊகிக்க வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பலரையும் குழப்பும் 'அட்வர்ஸ்' (adverse), 'அவர்ஸ்' (averse) என்ற இரண்டும் அங்கேதான் எனக்குத் தனித்தனியாகப் பிரிந்தன. முன்னது 'அட்வர்ஸ் எஃபெக்ட்' என்று, பாதகமான விளைவைச் சார்ந்து வரும்; பின்னது 'ரிஸ்க் அவர்ஸ்' என்று, ஒன்றை விரும்பாத மனிதரைச் சார்ந்து வரும்.

ஒப்பந்தங்களிலும் பிற சட்ட ஆவணங்களிலும் என்னை ஈர்த்தவை இரட்டைச் சொற்கள். உயிலை 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்றும், செல்லாததை 'நல் அண்ட் வாய்ட்' என்றும் ஒரே பொருளை இருமுறை சொல்வது ஏன் என்று தேடியபோது, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு சட்டத்துறையில் பிரெஞ்சும் இலத்தீனும் ஆங்கிலத்தோடு நெடுங்காலம் புழங்கியதும், இத்தகைய பல இணைகளில் ஒன்று ஆங்கிலச் சொல்லாகவும் மற்றொன்று அயல்சொல்லாகவும் இருப்பதும் தெரியவந்தன. எல்லா இணைகளும் அப்படிப்பட்டவை அல்ல. 'நல்', 'வாய்ட்' இரண்டுமே பிரெஞ்சு வழியாக வந்தவை. இதை அறிந்ததில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது: இரண்டு சொற்களுக்கும் இடையே இல்லாத வேறுபாட்டைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

* * *

இருவரும் சொன்னவை தனிச்சொற்களுக்குப் பொருந்தும். மரபுத்தொடர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். சூழலை வைத்து ஊகிப்பது தொடர்களில் பாதித் தூரம்தான் நம்மைக் கொண்டு செல்லும். துப்பறியும் கதையொன்றில் 'ரெட் ஹெரிங்' என்று படிப்பவர், அது கதைக்குள் வரும் ஏதோ ஒரு பொருள் என்றே எண்ணக்கூடும். புகையூட்டிச் சிவந்த மீனைக் கொண்டு வேட்டை நாய்களின் கவனத்தைத் திருப்பியதாக வில்லியம் கோபெட் என்ற இதழாளர் 1807-இல் எழுதிய கதை இத்தொடர் பரவக் காரணமானது என்று படித்தபின், திசைதிருப்பும் தடயம் என்ற பொருள் எனக்கு ஒருபோதும் மறக்கவில்லை. ஆனால் இணையத்தில் உலவும் தோற்றக் கதைகளில் பல வெறும் கற்பனை என்பதையும் சொல்லியாக வேண்டும்; மிகச் சுவையாக இருக்கும் கதையை மிக அதிகமாகச் சந்தேகிப்பது நல்லது.

எளிய சொல்லே ஏமாற்றுவதும் உண்டு. 'டேபிள்' என்பதை வினைச்சொல்லாக ஆளும்போது, பிரிட்டிஷ் வழக்கில் ஒன்றை விவாதத்துக்கு முன்வைப்பது என்றும், அமெரிக்க வழக்கில் அதை ஒத்திவைப்பது என்றும் நேரெதிர்ப் பொருள்கள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இச்சொல்லால் நெடுநேரம் வாதிட்டுவிட்டு, இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே என்று பிறகுதான் உணர்ந்ததாக வின்ஸ்டன் சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஆகவே நான் படிக்கும் கட்டுரை எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

எதைப் படிப்பது என்று திகைப்பவர்களுக்கு ஓர் அளவுகோல் உதவும். சொல்வள ஆய்வாளரான நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பனுவலின் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருந்தால் துணையின்றிப் புரிந்துகொள்ளலாம் என்ற அடிப்படையில், எழுத்து ஆங்கிலத்துக்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று கணக்கிட்டார். 98 விழுக்காடு என்றால் ஐம்பது சொற்களுக்கு ஒன்றுதான் புதிது. வரிக்கு வரி தடுக்கும் நூலை மூடிவைத்துவிட்டு எளிய ஒன்றை எடுப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. கடினமான நூலோடு மல்லுக்கட்டுவதுதான் கல்வி என்ற எண்ணம் எப்படியோ நம்மிடம் வேரூன்றியிருக்கிறது.

* * *

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். கண்ணால் மட்டும் கற்ற சொல் வாயில் வேறாக வரும். 'எபிட்டமி' (epitome) என்பதை 'எபிடோம்' என்று மனத்துக்குள் ஒலித்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் படிப்பவர்கள் ஏராளம். 'மிஸ்லெட்' (misled) என்பதை 'மைசில்ட்' என்று வாசிப்பது ஆங்கிலேயரிடையேயும் பழைய வேடிக்கை. எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாததற்குக் காரணங்களும் உண்டு: 'கர்னல்' (colonel) என்ற சொல்லின் ஒலிப்பு பிரெஞ்சில் 'ர'கரத்தோடு வழங்கிய வடிவத்திலிருந்தும், அதன் எழுத்து இத்தாலிய மூலத்தை ஒட்டிய 'ல'கர வடிவத்திலிருந்தும் நிலைபெற்றன. ஆகையால் வாக்கியத்தை எழுதிவைக்கும் அதே குறிப்பில், ஒலிப்புடன் கூடிய இணைய அகராதி ஒன்றில் கேட்டறிந்த ஒலியையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் குறித்துவிடுகிறேன். அழுத்தம் விழும் அசைக்குக் கீழே ஒரு கோடு போடுகிறேன். தமிழ் எழுத்து அதைக் காட்டாது.