கலியாண வாசகத்துக்கு எந்த பைபிள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம், கத்தோலிக்கர். தங்கச்சிக்குக் கலியாணம், மாப்பிள்ளை வீட்டார் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது புரட்டஸ்தாந்து சபை. எங்களுடைய பைபிளில் உள்ள தோபித்து நூல் எட்டாம் அதிகாரத்தில் தோபியாவும் சாராவும் செய்யும் செபத்தை வாசிக்கத் தங்கச்சிக்கு ஆசை. மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னோம். அவ தன்ர பழைய வேதாகமத்தை மடியில வைத்து பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில அப்படி ஒரு புத்தகமே இல்லையே பிள்ளை" என்றா. உண்மைதான், அவர்களுடையதில் 66 நூல்கள், எங்களுடையதில் 73. அவ 'சங்கீதம்' என்பதை நாங்கள் 'திருப்பாடல்கள்' என்கிறோம், அவவின் 'மேய்ப்பர்' எங்களுக்கு 'ஆயர்'.

அவவும் மனம் நிறைஞ்சு கேட்க வேணும், அதுதான் எனக்கு முக்கியம். சரி, இப்படிக் கலப்புக் கலியாணம் செய்தவர்கள் வன்னியில் இருக்கிறீர்களா? அன்பைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 13 இரண்டு பைபிளிலும் இருக்கு, ஆனால் எந்த மொழிபெயர்ப்பில் வாசித்தீர்கள்? தோபித்தையும் சேர்த்து வாசித்தவர்கள், மற்றப் பக்கத்தாருக்கு அதை எப்படி விளங்கப்படுத்தினீர்கள்? அப்புறம், 1995இல் வந்த, இரு பக்கத்தாருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பெரிய எழுத்தில் வவுனியாவில் எங்கே வாங்கலாம்? அவவுக்கு ஒன்று கொடுக்க வேணும்.