பக்கக் காலியிடம் குறைகிறது என்று பிளான் திரும்பிவிட்டது, எங்கே பிசகு?

கேட்டவர்: மனை பத்திரப்படி 40க்கு 60 அடி. முன்னால் 10, பக்கங்களில் 5, பின்னால் 5 அடி விட வேண்டும் என்பது எங்கள் பகுதி விதி. அதனால் 30 அடி அகலம், 45 அடி நீளத்துக்கு வீடு வரைந்தோம். வலப்பக்கம் போதவில்லை என்கிறார்கள். முன்பக்கம் டேப் பிடித்தால் சரியாக 40 இருக்கிறதே?

மட்டப்பலகை: பின்பக்கம் எவ்வளவு? எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் அளங்கள், காம்பவுண்டுச் சுவரை நம்பாதீர்கள். அது எந்தக் கோட்டில் எழுந்தது என்று சுவருக்கே தெரியாது. 40க்கு 60 செவ்வகம் என்றால் மூலைவிட்டம் இரண்டும் 72 அடி 1⅓ அங்குலம் வர வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் போதாது. முன்பின் அகலம் மாறினாலும் சில மனைகளில் சமமாகவே வரும்.

கேட்டவர்: பின்பக்கம் 38 அடி 6 அங்குலம்தான்! இடது எல்லை மூலைமட்டத்துக்குச் சரி. வலது எல்லைதான் உள்ளே சாய்கிறது.

மட்டப்பலகை: அங்கேதான் சிக்கல். 60 அடியில் ஒன்றரை அடி சாய்வு. இடப்பக்கம் 5 அடி விட்டு 30 அடி கட்டினால், வீட்டின் முன்மூலையில் வலப்பக்கம் மிஞ்சுவது 4 அடி 9 அங்குலம், பின்மூலையில் 3 அடி 7½ அங்குலம். இரண்டுமே தேறாது. காலியிடத்தை மிகக் குறுகிய இடத்தில்தான் பார்ப்பார்கள், சராசரி எடுக்க மாட்டார்கள்.

பின்சுவரில் கிடைக்கும் அகலம் 28 அடி 7½ அங்குலம். வெளிப்பூச்சு பக்கத்துக்கு முக்கால் அங்குலம் என்றால் 28 அடி 6. கயிறு பிடிப்பதில் பிசகு வரும், 3 அங்குலம் விட்டு 28 அடி 3 அங்குலத்துக்கு வரையுங்கள். வெளிச்சுவரில் கல் ஒட்டும் எண்ணம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

கேட்டவர்: பின்பாதியை மட்டும் உள்ளே தள்ளி, முன்பாதியை அகலமாக வைக்கலாமா?

தூக்குக்குண்டு: நடுவில் மடித்தால் முன்பாதிக்கு 7 அங்குலம்தான் கூடும். அதற்காகக் கூடுதல் தூண், கூரையில் ஒரு மடிப்பு, நீர்க்கசிவுக்கு ஒரு மூலை. வேண்டாம் சார்.

பிளான் திருத்தும்போதே சன்ஷேடையும் பாருங்கள். 5 அடியில் 2 அடி சன்ஷேடு நீட்டினால் திறந்தவெளி 3 அடிதான். சில இடங்களில் நீட்டலை அனுமதிப்பார்கள், சில இடங்களில் காலியிடத்தில் கழிப்பார்கள். வெளிப்படிக்கட்டு, பால்கனி, செப்டிக் டேங்க், ஜெனரேட்டர் மேடை எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேட்டவர்: விதிவிலக்கு கேட்டால் கிடைக்குமா?

மட்டப்பலகை: மனையின் வடிவமே கட்டவிடாமல் செய்தால் கேட்க நியாயம் உண்டு. 28 அடி வீடு தாராளமாக அடங்கும் மனைக்கு அந்த வாதம் நிற்காது.

முன்பக்கத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். 10 அடியைத் தார் ஓரத்திலிருந்து அளந்தீர்களா, எல்லையிலிருந்தா? சாலை விரிவாக்கக் கோடு மனைக்குள் வந்தால் அந்தப் புதுக் கோட்டிலிருந்துதான் கணக்கு. மூலை மனையாக இருந்தால் இரண்டு தெருப்பக்கமும் முன்பக்கமாகக் கொள்ளப்படலாம்.

தூக்குக்குண்டு: அஸ்திவாரம் தோண்டும் முன் சர்வேயரை வைத்து நான்கு கல்லையும் உறுதி செய்யுங்கள். தரைமட்ட பீமுக்குப் பலகை அடித்ததும், கான்கிரீட் ஊற்றும் முன், நான்கு மூலையிலும் எல்லைக்குச் செங்குத்தாக மறுபடி அளங்கள். அந்தக் கட்டத்தில் பலகையை நகர்த்தினால் போதும்.